மச்சாளின் தொட்டிக்குக் கரைத்த உப்பு

என் அன்பு மச்சாளுக்கு,

தொட்டிக்குள் ராசாத்தியும் சின்னவனும் சுகமாக இருக்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதையெல்லாம் நீங்கள் பதறாமல் கேட்பீர்கள்.

நான் உங்கள் கட்டிலில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். கைத்தொலைபேசியின் வெளிச்சம் கதவிடுக்கால் வெளியே போகாமல் தலையணையை முட்டுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த அறையில் மாமி படுத்திருக்கிறார். நீங்கள் போன பிறகு உங்கள் அம்மாவைத் தனியே விடக்கூடாது என்று என்னை இங்கே படுக்க அனுப்பினார்கள். ஒரே வளவுதானே, பத்து எட்டு வைத்தால் எங்கள் வீடு. உங்களுக்கு நான் கடிதம் எழுதுவதைக் கண்டால் மாமி விடியும்வரை அழுவார். அது ஒரு பயம்.

மற்றப் பயம் நாளைக்கு. பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் தங்கள் கண்ணாடித் தொட்டிக்கென்று உங்கள் இரண்டு மீன்களையும் காலையில் பார்க்க வருகிறார். அவற்றைக் கொடுப்பதா வைத்திருப்பதா என்று மாமி நாளைக்குத்தான் அவருக்குச் சொல்லப்போகிறார்.

தொட்டிக்கென்று நீங்கள் கரைத்து வைத்துவிட்டுப் போன உப்புத் தண்ணீர் போன மாதம் முடிந்தது. கொழும்பில் நீங்கள் வாங்கும் அந்த உப்பு இப்போது இல்லையாம். கடல் தண்ணீர் அள்ளலாமென்றால் மாரி தொடங்கிவிட்டது. முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட்டிருக்கிறார்கள். கல்லடிக் கடல் பால்தேத்தண்ணி நிறத்தில் கிடக்கிறது. அந்த நாட்களில் கடலும் உப்புக் குறைந்திருக்கும் என்று நீங்கள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிடுவீர்களே, நானும் கவிழ்த்து வைத்தேன்.

மாமி அப்போதுதான் ஹோட்டல் கதையை எடுத்தார். "அதுகளும் என்ர கண்ணுக்கு முன்னால சாகிறத என்னால பாக்கேலாது மகள். நல்லா வைச்சிருக்கிற ஆக்களுக்குக் குடுப்பம்" என்றார். நான் பார்க்கிறேன் மாமி, எனக்கு இரண்டு கிழமை தாருங்கள் என்றேன். என் வாயில் அது எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று வேடிக்கையாக விடுப்புப் பார்த்தது மட்டும்தான்.

பள்ளிக்கூடம் விட்டு மட்டக்களப்பு டவுனில் மீன் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டில பவளம் இரிக்கா, மீன் மட்டுமா?"

"ரெண்டு மீன்தான் அக்கா."

"ஆரு பாக்கிற?"

"நான்தான்."

"நீயா? பேசாம தங்கமீன் வாங்கு புள்ள. அது சோறு போட்டாலும் தின்னும்."

ஆனாலும் நல்லவர். அவரிடம் இரண்டு வகை உப்பு இருந்தது. ஒன்று பவளம் வளர்ப்பவர்களுக்கு, சுண்ணாம்புச் சத்துக் கூடியது. மற்றது சாதாரணம், மீனுக்குப் போதும். பெரிய வாளியிலிருந்து அள்ளி, பொலித்தீன் பையில் கட்டித்தான் கொடுப்பார். பையில் ஒரு எழுத்தும் இல்லை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டேன். அவர் தங்கமீன் என்று சொன்ன வெட்கத்தில் ஓடி வந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

இரண்டையும் குசினிக்குப் பின்னால் இரண்டு வாளியில் கரைத்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் எடுக்கவில்லை, கடையில் பிளாஸ்டிக் கானில் விற்கும் வடித்த தண்ணீர்தான். இரண்டு வாளிக்கும் ஒரே அளவு உப்பு, உங்கள் சின்னக் காற்று மோட்டார் ஒவ்வொரு வாளியிலும் ஒவ்வொரு இரவு. பவளத்து உப்பு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி நின்றது. மறுநாளும் அடியில் வெள்ளையாக மா படிந்திருந்தது, விரலால் பெயர் எழுதலாம் போல. சாதாரண உப்பு ஒரு மணித்தியாலத்தில் தெளிந்து, வாளியின் அடியில் உள்ள கீறல்கூடத் தெரிந்தது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் அட்டையிலும் அதன் நிறம் உங்கள் தொட்டித் தண்ணீரின் நிறத்தோடு ஒத்துப்போனது. அதையே எடுத்தேன். நீங்களும் அதைத்தான் எடுத்திருப்பீர்கள், இல்லையா?

இனித்தான் சொல்லக் கூசுவது வருகிறது.

எவ்வளவு உப்பு என்று கண்ணில் வைத்துப் பார்க்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் உங்கள் அலுமாரிக்குள் இருந்தது. எட்டு மாதமாக அந்த அலுமாரியை மாமி திறக்கவில்லை. சாவியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் அப்பா வட்டை வயலுக்கு விதைநெல் எடுக்கிற முறை நினைவுக்கு வந்தது. வாளியில் உப்பைக் கரைத்து ஒரு முட்டையைப் போடுவார். முட்டை மிதந்து, மேலே ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு தெரிந்தால் உப்புச் சரி. பிறகு நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி நெல் தாழும். எனக்கு அதைவிட நல்ல அளவு வேறொன்று இருக்கும் என்று தோன்றவில்லை.

முட்டை மிதக்கவே இல்லை. போட்டேன், போட்டேன், பை பாதியாகும்வரை போட்டேன். கடைசியில் முட்டை எழும்பி வந்து வட்டமாகத் தலை காட்டியது. எனக்குப் பெரிய சந்தோசம். ஒரு ஜக் மொண்டு கொண்டுபோய்த் தொட்டி விளிம்பில் வைத்தேன். சின்னவன் சாப்பாடு என்று நினைத்து மேலே வந்தான். அந்த நேரம் அப்பா முட்டையோடு நின்ற வாளியைக் கண்டுவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன புள்ள, விதைநெல்லா போடப் போறாய்?"

"மீனுக்கு அப்பா. முட்டை மிதக்குதுதானே, கடல் தண்ணி சரி."

"கடல்ல முட்டை மிதக்கிறத நீ எங்க கண்டாய்? கடல்ல போட்டா நேரா அடிக்குத்தான் போகும். இது பதர் பிரிக்கிற உப்பு. கடலைவிட மூண்டு நாலு மடங்கு."

"இத ஊத்தினா?"

"மறுகா என்ன, ஊறுகாய்தான்."

அப்பா சிரித்தார். நான் ஜக்கைப் பிடித்தபடி கீழே குந்திவிட்டேன். பாதி என் சட்டையில் கொட்டியது. அப்பா சிரிப்பை நிறுத்தி ஜக்கை வாங்கி வைத்தார். "மாமிட்ட நான் சொல்ல மாட்டன். சொல்றதெண்டா நீயே சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் மாமியிடம் சாவியைக் கேட்டேன். குழாய் வேண்டும் என்று சொன்னேன், முட்டையைச் சொல்லவில்லை. மாமி தேங்காயைத் துருவி முடித்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து திறந்தார். வேலைக்கு உடுத்துப் போகும் உங்கள் மஞ்சள் சேலையை ஒருதரம் தொட்டார். "இந்தா, இதுதானே?" என்று குழாயை எடுத்துக் கண்ணில் வைத்தார். "ஒண்டும் தெரியல்லயே."

"ஒரு சொட்டு விடணும் மாமி. வெளிச்சத்துக்குப் பிடிங்க."

வடித்த தண்ணீர் விட்டுக் கோடு பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்த்தோம். பிறகு தொட்டித் தண்ணீர், முப்பத்தைந்து. என்னுடைய வாளியிலிருந்து எடுத்ததைத் தண்ணீர் விட்டு விட்டு இளக்கினோம். ஒரு வாளி நாலு வாளியாகிவிட்டது, உப்பு ஒன்றும் வீண்போகவில்லை. "இவ்வளவு உப்பாவா கரைச்ச நீ?" என்று மாமி கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். கடைசியில் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் இடம் முப்பத்தைந்தில் வந்து நின்றபோது, அதை முதலில் கண்டது மாமிதான்.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் "இண்டைக்கு எத்தினை?" என்று கேட்கிறார். உங்கள் கடைசிக் காய்ச்சலை அளந்த நாட்களில் கேட்ட அதே கேள்வி. இப்போது பதிலுக்குப் பயப்படாமல் கேட்கிறார், மச்சாள். நான் முப்பத்தைந்து என்றால் "ம்" என்றுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போகிறார்.

இன்று பின்னேரம் முதல் வாளியை மெல்லிய குழாயால் துளித்துளியாக இறக்கினேன். ராசாத்தி கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். பிறகு வந்து, வழக்கம்போல என் விரலைக் கடித்துவிட்டுப் போனாள். சற்று முன்பும் எழும்பிப்போய்ப் பார்த்தேன். இரண்டும் தங்கள் மூலையில் செட்டையை ஆட்டிக்கொண்டு நித்திரை.

படுக்கப் போகும்போது மாமி சொன்னார்: "நாளைக்கு அந்தாள் வந்தா வேண்டாமெண்டு சொல்லுவம். நீ கவனமான புள்ளதானே."

அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மாமி என்னை நம்பி முடிவெடுக்கிறார். ஆனால் அந்த ஜக் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நட்டம்? மீன்களுக்கு ஒன்றுமில்லை. அப்பாவும் வாய் திறக்க மாட்டார். அப்படியிருந்தும், தெரியாமல் ஒருவர் வைத்த நம்பிக்கையை எடுத்துக்கொள்வது களவு மாதிரி இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தானே தோன்றும்?

ஆகவே மச்சாள், உங்களுக்கு வாக்குத் தருகிறேன். விடிந்ததும், அந்த மனிதர் படலையைத் திறக்க முன்னமே, மாமியிடம் எல்லாவற்றையும் சொல்வேன். கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுவோம் என்றால், வாளியை நானே பிடித்து, உப்பின் அளவையும் எழுதிக் கொடுப்பேன். வைத்திருப்போம் என்றால், தெரிந்துகொண்டுதான் என்னிடம் தந்தார் என்ற நிம்மதியோடு அடுத்த வாளியைக் கரைப்பேன்.

என்றும் உங்கள் மாமன் மகள்,
சின்ன மச்சாள்