நங்கூரத்தை மறுபடி தூக்கிப் பார்த்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி இருந்தா. என் கைதான் காரணம். நங்கூரத்தோடு வந்த கறுத்தச் சேறு நகங்களுக்குள் புகுந்திருந்தது. சவர்க்காரம் போட்டும் மணம் போகவில்லை. அவவுக்கு அது நாற்றம். எனக்கு அது நீ பக்கத்தில் வந்து இருந்த மாதிரி.

உள்ளே உன் மனைவியை, என் தங்கச்சியை, கட்டிலில் கிடத்தி நெஞ்சில் வயர் ஒட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வாடைக்காற்று தொடங்கப் போகிறது. வடக்கே திறந்து கிடக்கும் பேசாலைக் கரையில் இனிப் படகை விட முடியாது. நீ இருந்த காலத்தில் செய்ததுபோலவே தலைமன்னார் மணல் தீடைகளைச் சுற்றித் தீவின் தென்கரைக்குக் கொண்டுவந்து, இன்று விடியத்தான் நங்கூரத்தைப் போட்டு, தூக்கிப் பார்த்து, மறுபடி போட்டேன். தேத்தண்ணிப் போத்தலோடு வந்த தங்கச்சி இடது தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லையாம், கருவாடு காயவைத்த களைப்பாம். அந்த 'ஒன்றுமில்லை'யைக் கேட்டதும் ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோவைப் பிடித்து ஏற்றிவிட்டேன். வழி நெடுகத் திட்டினாள்.

எனக்கு இந்தச் சந்தேகப் புத்தி முன்பு இருந்ததில்லை என்று உனக்குத் தெரியும். அது உன்னுடைய சொத்து. வியாபாரி நன்றாகச் சிரித்தால் நீ தராசின் அடியைப் பார்ப்பாய். கல்யாண வீட்டில் இறைச்சிக் கறியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவாய். உன்னைப் பெண் பார்க்கக் கூட்டி வந்த அன்று எங்கள் வீட்டுக் கதிரையை ஆட்டிப் பார்த்துவிட்டே அதில் அமர்ந்தவன் நீ. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் உன் முழு விளையாட்டையும் பார்ப்பதென்றால் கடலில் பார்க்க வேண்டும். நாங்கள் முதன்முதல் ஒன்றாகத் தீவைச் சுற்றி வந்த பயணம் ஞாபகமா? தீடைகளைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் மணல் வளைந்து ஒரு சின்னக் குடா. தண்ணீர் தயிர்போல உறைந்து கிடந்தது. வெளியூர்ப் படகுகள் பல அங்கே கிடந்தன. எனக்கோ பசி. நங்கூரத்தைப் போட்டுவிட்டுச் சோற்றுச் சட்டியைத் திறந்தேன். நான் போட்ட நங்கூரத்தை நீ உடனே திரும்பத் தூக்கினாய். அதன் கொழுக்கியில் சேறு இல்லை. சாதாழைக் கடற்புல்தான், பச்சைப் பசேலென்று, பிடுங்கிய கீரைக்கட்டு மாதிரிச் சுற்றிக்கொண்டு வந்தது. பிறகு நீ கரையைப் பார்த்தாய்.

"இடம் இவ்வளவு நல்லதெண்டா, இந்த ஊர்க்காரர் ஏன் தங்கடை போட்டுகளைக் கரையிலை இழுத்து வச்சிருக்கினம்?" என்றாய்.

பக்கத்துப் படகுக்காரன் பயப்படாமல் கிடக்கச் சொன்னான். அவன் அப்படிச் சொன்னதே உனக்குப் போதும், உடனே இயந்திரத்தை இழுத்துவிட்டாய். எங்களைக் கொண்டுபோய் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்ணா மரங்களின் கழிமுகம் ஒன்றில் விட்டாய். கறுத்தச் சேறு, குமட்டும் மணம், காதில் ரீங்காரமிடும் நுளம்புப் பட்டாளம். சேற்றை விரலால் நசித்து முகர்ந்து, இதில்தான் நங்கூரம் பிடிக்கும் என்று ஏதோ அத்தர் வாங்க வந்தவன்போலத் தலையாட்டினாய். நான் உன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன்.

மறுநாள் பார்த்தால் அந்தக் குடாவில் ஒரு படகுகூட அசையவில்லை. எல்லோரும் சுகமாக நித்திரை கொண்டு எழும்பியிருந்தார்கள். நான் உன்னை விடுவேனா? வழியெல்லாம் கேலி. நீ கொஞ்சமும் வெட்கப்படாமல், "நேற்று நடக்கேல்லை, அவ்வளவுதான்" என்றாய். அந்தப் பருவம் முடிய முன்னமே காற்று சட்டெனத் திரும்பிய ஒரு நாளில் அங்கே கிடந்த படகொன்று, நங்கூரம் புல்லில் வழுக்க, இன்னொன்றில் மோதி, முன் அணியம் பிளந்தது. நான் ஓடிவந்து சொன்னபோது நீ சந்தோசப்படவில்லை. ஆளுக்குக் காயமா என்று மட்டும் கேட்டாய்.

அப்படிப்பட்ட நீ, மச்சான், உன் நெஞ்சை மட்டும் எப்படி நம்பினாய்? சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்து கிடந்த ஒரு மத்தியானம், தோளைத் தேய்த்துக்கொண்டு, "வாய்வுதான், ஒண்டுமில்லை. இஞ்சி போட்டு ஒரு பிளேன்டீ தா" என்று கேட்டாயாம். அவள் ஊற்றித் தந்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக எதையும் முகர்ந்து பார்க்காமல் குடித்தாய். கோப்பையை எடுக்க அவள் திரும்பி வந்தபோது நீ இல்லை. வெளியே காற்றே இல்லையாம். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் அழுகைக்கு முதல் உன்மேல் கோபம்தான் வருகிறது.

டொக்டர் இளம்பிள்ளை. வெளியே வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சிரித்தார். தங்கச்சி கைப்பையை எடுத்துக்கொண்டு, "சொன்னனான் தானே அண்ணா" என்றபடி வாசலுக்கு நடந்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. நான் எழும்பவில்லை.

"இன்னொருக்கா எடுத்துப் பாருங்கோ, டொக்டர்" என்றேன்.

ஏன் என்று கேட்டார். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. வாங்கில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

"இவளின்ரை மனுசனும் ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவன்."

வாசலில் தங்கச்சி நின்றுவிட்டாள். இனி எல்லார் முன்னாலும் என்னைக் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி வந்தாள். கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, உள்ளே போய், தானாகவே அந்தக் கட்டிலில் மறுபடி படுத்தாள்.