மூன்றாம் பெட்டியில் இருந்தவர்

தம்பலகாமம்,
8.2.1942

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வந்த கடிதமென்று ஐயா உடைத்து வாசித்துவிட்டுத்தான் தந்தார். ஆகவே கவனமாக எழுதுங்கள்.

எங்கள் ஸ்ரேசனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு தகரக் கூரை, சனம் இருக்க ஒரு வாங்கு, ஐயாவின் பச்சைக் கொடி, அவ்வளவுதான். ரெயில் பாதை போட்ட நேரம், நெல் ஏற்ற ஓர் இடம் வேண்டுமென்று வயற்காரர்கள் அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து வாங்கினது. பிறகு அங்கே கோச்சி ஏறின சனத்தைவிட மேய்ந்த மாடுகள்தான் கூட. இந்தச் சண்டை தொடங்கினதும் எல்லாம் மாறிவிட்டது. சீனக்குடா விமானத் தள வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வாங்கில் இடம்பிடிக்க இடிபடுகிறார்கள். ஐயாவின் நடையே வேறு. கொழும்புக் கோட்டை ஸ்ரேசன் மாஸ்டர் தான்தான் என்ற நினைப்பு. (வாசிப்பார். வாசிக்கட்டும்.)

ஒன்று சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வெட்கமில்லாமல் இருக்கட்டுமென்று, கோச்சி நிற்கிற நேரத்தில் பொம்பிளை பார்க்க வைத்தார்கள் அல்லவா? “மூன்றாம் பெட்டியில இருப்பார், வடிவாப் பார்” என்றா அம்மா. பார்த்தேன். இறங்க ஏலாமல் தவித்த கிண்ணியா மனிசியின் கைப்பிள்ளையை வாங்கி வைத்திருந்தீர்கள். அது உங்கள் சட்டையெல்லாம் நனைத்தும் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குத்தான் ஓம் என்றேன்.

இப்படிக்கு,
சித்திரை பிறந்ததும் உங்களுடையவளாகப் போகிற
சிவக்கொழுந்து


பாலையூற்று,
17.2.1942

அன்புள்ள சிவக்கொழுந்து,

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எந்தப் பிள்ளையையும் தூக்கவில்லை. என் சட்டையை ஒருவரும் நனைக்கவுமில்லை. நான் மறந்துபோனேனோ என்றுகூட யோசித்தேன். இதையெல்லாம் ஆராவது மறப்பானா?

விமானத் தளத்தில் என்னோடு வேலைசெய்கிற கிளாக்கர்மாரிடம் விசாரித்த பிறகுதான் பிடிபட்டது. அன்று சீனக்குடாவில் எஞ்சினுக்குப் பின்னால் பட்டாளத்துப் பெட்டிகள் இரண்டு கொழுவினார்கள். எங்கள் மூன்றாம் பெட்டி ஐந்தாம் பெட்டியாகிவிட்டது. உங்கள் ஸ்ரேசனோ கைக்குட்டையளவு. என் பெட்டி பற்றைக்காட்டுக்குள் நின்றது.

இன்னும் கேளும். நானும் உம்மைக் காணவில்லை. எட்டி எட்டிப் பார்த்தேன், உங்கள் ஐயாவின் கொடிதான் தெரிந்தது. “பிடிச்சுதோடா?” என்று பெரியம்மா கேட்டா. பெட்டியே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன செய்ய?

நீர் ஓம் சொன்னது வேறொரு மனிசனுக்கு. வேண்டாமென்றால் சொல்லும், பழியை நான் ஏற்றுக் கலியாணத்தை நிற்பாட்டுகிறேன்.

இப்படிக்கு,
இராசநாயகம்


தம்பலகாமம்,
1.3.1942

அன்புள்ள உங்களுக்கு,

கொடியைப் பார்த்து ஓம் சொன்ன மாப்பிள்ளை இந்த இலங்கையில் நீங்கள் ஒருவர்தான்! உங்கள் கடிதத்தை வாசித்து ஐயா விழுந்து விழுந்து சிரித்தார், அம்மா அழுதா. நான் இரண்டையும் செய்தேன்.

எனக்குத் தலை சுற்றுகிறது. முகம் அவருடையது, கடிதம் உங்களுடையது. குசினியில் தேங்காய் துருவும்போது அந்த முகம் வந்து உங்கள் கதைகளைக் கதைக்கிறது. நான் ஆரை விரும்பினேன்? பேசாமல் ‘ஓம், அது நான்தான்’ என்று எழுதியிருக்கலாமே! நம்பியிருப்பேன். உண்மையைச் சொல்லி என் நித்திரையைக் கெடுத்துவிட்டீர்கள். கோபம் கோபமாக வருகிறது. ஆனால் நிற்பாட்டச் சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு படம் அனுப்புங்கள்.

சிவக்கொழுந்து


பாலையூற்று,
29.3.1942

அன்புள்ள சிவக்கொழுந்து,

படம் பிடிக்கிறவர் குண்டுக்குப் பயந்து கடையைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். ஆகையால் எழுதியே காட்டுகிறேன். கறுப்பு. மெலிவு. மூக்குக் கொஞ்சம் பெரிது. பிள்ளை சட்டையை நனைத்திருந்தால் சிரித்திருப்பேனோ தெரியாது, அநேகமாகக் கத்தியிருப்பேன்.

பன்னிரண்டாம் திகதி ஞாயிறு எனக்கு லீவு. வந்து உங்கள் வாங்கில் இருக்கிறேன். நீர் வந்து நேரே பாரும். பிடிக்காவிட்டால் அடுத்த கோச்சியில் திரும்பிவிடுவேன். கோபிக்க மாட்டேன். ஆனால் கவலைப்படுவேன், அதையும் சொல்லிவைக்கிறேன்.

இராசநாயகம்


தம்பலகாமம்,
13.4.1942

அன்புள்ள உங்களுக்கு,

எங்கே இருக்கிறீர்கள்?

வியாழக்கிழமை காலை சீனக்குடாப் பக்கம் குண்டுச் சத்தம். பிறகு கறுப்புப் புகை. பின்னேரம் கோச்சி வந்தது, கூரையிலும் சனம். அழுகிறவர்கள், இரத்தத்தோடு வந்தவர்கள், ஒரு செருப்போடு வந்தவர்கள். நான் ஓடினேன். ஓடிப்போய்த்தான் தெரிந்தது, தேட எனக்கு முகமில்லை. எத்தனை கறுப்பு, எத்தனை மெலிவு! எல்லாரும் நீங்கள்தான், ஒருவரும் நீங்களில்லை.

அதற்குப் பிறகு கத்தினேன். இராசநாயகம், இராசநாயகம் என்று பெட்டி பெட்டியாகக் கத்தினேன். கட்டப்போகிறவரின் பெயரை எங்கள் ஊரில் எந்தப் பொம்பிளை வாய்விட்டுச் சொன்னாள்? ஒரு கிழவர் மட்டும் திரும்பி, “என்ன மோனை?” என்றார். அவருக்கும் அதே பெயராம். அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஞாயிறு முழுக்க வாங்கில் இருந்தேன். வந்த கோச்சிகள் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு நில்லாமல் போய்விட்டன. “ஊருக்கே கேக்கக் கத்திப்போட்டாய், இனி உன்னை ஆர் கேட்டு வருவான்?” என்று அம்மா ஏசுகிறா. ஒருத்தரும் வர வேண்டாம் என்றேன்.

இனி எனக்கு உங்களைப் பார்க்கத் தேவையில்லை. பார்க்காமலே ஓம் சொல்கிறேன். காயம் பட்டிருந்தாலும் ஓம்தான். உங்களுக்கு எழுத ஏலாதென்றால் ஆரையாவது கொண்டு ஒரு வரி எழுதுவியுங்கள்.

உங்கள்
சிவக்கொழுந்து