இரண்டு காலிக் கட்டங்கள்

நவம்பர் 4, 2008, செவ்வாய்

டென்மார்க்கிலிருந்து இன்று முப்பது படங்கள் வந்தன. அங்கே ஒரு நூலகத்தில் நம் பழைய ஜப்பானியப் புத்தகங்கள் நானூறு இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் பட்டியல் போடாமலே கிடந்தன. அவர்கள் படம் எடுத்து அனுப்ப, இங்கே எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அந்தக் கூட்டெழுத்தைப் படித்துக் கொடுக்கிறோம். ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் யாரோ எழுதியிருக்கிறார்: "இந்தப் புத்தகம் எங்கே போனாலும் தயவுசெய்து திருப்பி அனுப்பவும்." இருநூறு வருஷத்து மை. ஊர்ப் பெயரைக்கூட எழுதி வைத்திருக்கிறார், பாவம்.

நவம்பர் 11

இன்றைய படத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியின் சிவப்புச் சதுர முத்திரை. நான் படித்த பள்ளி. அப்பா எழுத்துப் பாடம் நடத்தியதும், புத்தகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டதும் அங்கேதான்.

1950 வசந்தத்தில் கிடங்கில் நாற்பத்தொரு புத்தகங்கள் காணோம் என்று ஊரே பேசியது. பள்ளிக் குமாஸ்தா குவபாரா திருடிவிட்டார் என்றார்கள். அவர் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பிறகு குடும்பத்தோடு ஊரைவிட்டே போனார். அவர் மகன் யுகினாரிக்கு வகுப்பில் என் பக்கத்து மேசை. ஒரு திங்கட்கிழமை அந்த மேசை காலி.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்றாகத்தான் இது இருக்க வேண்டும்.

நவம்பர் 13

பள்ளி ஒரு புத்தகத்தைக் கழித்து விற்றால், தன் முத்திரைக்கு மேல் 'நீக்கப்பட்டது' என்று இன்னொன்றைக் குத்தும். பொறுப்பாளர் தன் சொந்த முத்திரையைப் பக்கத்தில் வைப்பார். அது இல்லாத புத்தகத்தை நாணயமான வியாபாரி தொடமாட்டான்.

படத்தைப் பெரிதாக்கினேன். நீக்க முத்திரை இருக்கிறது. பக்கத்தில் சின்ன நீள்வட்டத்துக்குள் இரண்டு எழுத்து. இடது கீழ் ஓரம் உடைந்திருக்கிறது.

அந்த உடைசலை எனக்குத் தெரியும். காலையில்கூடப் பார்சல்காரருக்குக் கையெழுத்துக்குப் பதில் அதைத்தான் குத்திக் கொடுத்தேன்.

நிஷியோ. நம் எழுத்தில் இரண்டே எழுத்து, எங்கள் குடும்பப் பெயர். அப்பாவின் முத்திரை.

நவம்பர் 14

ஏம்ப்பா?

நவம்பர் 20

படிக்க முடியாத எழுத்துக்குப் பதிலாக ஒரு காலிக் கட்டம் போட வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது. இது எங்கள் வேலையின் விதி. நான் இரண்டு கட்டம் போட்டேன். □□. டோக்கியோவில் இந்தப் பட்டியல் வேலையை நடத்தும் மியோஷிக்கு அனுப்பியும்விட்டேன்.

விடை தெரியாமல் காலியாக விட்டால் தப்பில்லை என்று பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் சொன்னேன். தெரிந்தே காலியாக விட்டால்? அதற்கு உதாரணம் என்னிடம் இருந்ததில்லை.

நவம்பர் 26

ஒவ்வொரு பதிவையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். என்னுடையதைப் பார்ப்பவர் ககாமி. எழுபத்தெட்டு வயது, அப்பாவிடம் படித்தவர். ஒரு பை ஆரஞ்சோடு வீட்டுக்கே வந்தார்.

"என்ன டீச்சர், சொந்தப் பேரையே படிக்க முடியாத அளவுக்குக் கண்ணு போயிடுச்சா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஒரு ஆரஞ்சை உரிக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தார். முத்திரையை யார் வேண்டுமானாலும் எடுத்துக் குத்தியிருக்கலாமே, குவபாராவேகூட, என்றார். பக்கத்தில் தேதி இருப்பதைக் காட்டினேன். 1949 டிசம்பர் ஒன்பது. ஒன்பதின் வாலை உள்பக்கம் சுழிப்பவர் யார், அவரிடம்தானே நீங்களும் எழுதப் பழகினீர்கள், என்று கேட்டேன். ஆரஞ்சைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கட்டம் அப்படியே இருக்கட்டும். நான் சரின்னு போட்டுடறேன். நாம ரெண்டு பேரும் போயிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

நவம்பர் 29

1949 டிசம்பர். அந்தக் குளிர்காலம் அரிசி கிடைக்காமல் ஊர் முழுக்க சர்க்கரைவள்ளிக்கிழங்கு. எங்கள் வீட்டில் மட்டும் புத்தாண்டுக்கு வெள்ளைச் சோறு. வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அப்பா சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்வேன். பாசத்துக்கு உதாரணமாக.

இன்னிக்கும் குக்கரைத் திறந்தேன் — அந்த வாசனை. மூடிட்டேன். மூணு நாளா ரொட்டிதான்.

டிசம்பர் 2

அப்பா படத்துக்கு முன்னால் காலையில் சோறு வைக்க வேண்டும். கை போகவில்லை. மேசையில் உட்கார்ந்தால் இடப்பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. ஒன்றும் பேசாமல், நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு. அப்பாவா? இல்லை. பத்து வயதுப் பையனின் மூச்சு அது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 3

கட்டங்களை எடுத்துவிட்டு 'நிஷியோ' என்று எழுதினேன். கீழே குறிப்பு: 'பள்ளிப் பொறுப்பாளரால் நீக்கப்பட்டது, 9 டிசம்பர் 1949.'

மியோஷி போன் செய்தாள். உங்கள் உறவினரா என்று தயங்கிக் கேட்டாள். அப்பா என்றேன். வேறு யாரையாவது சரிபார்க்கச் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம், ககாமியே பார்க்கட்டும் என்றேன்.

டிசம்பர் 10

ககாமி சரியென்று குறித்து அனுப்பிவிட்டாராம். கடைத்தெருவில் எதிரே வந்தார். தலையைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஜனவரி 15, 2009

பழைய மாணவர் பட்டியலில் யுகினாரியின் கோபே முகவரி இருந்தது. பதிவின் நகலோடு கடிதம் அனுப்பியிருந்தேன். இன்று மதியம் போன் வந்தது. கிழவர் குரல். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. அந்தப் பட்டியலை வெளிநாட்டிலும் பார்ப்பார்களா என்றார். எங்கிருந்தும் பார்க்கலாம் என்றேன்.

"அதுல எங்க அப்பா பேர் இருக்கா?"

இல்லை என்றேன்.

"எங்கயுமே?"

எங்குமே இல்லை என்றேன். முழுவதும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கடிதமே எழுதினேன் என்றேன்.

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது, ஆனால் துண்டிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, யாரிடமோ சொல்கிறார்:

"அம்மா, இல்லையாம்."

காது கேட்காது போலிருக்கிறது. இன்னும் சத்தமாக, இன்னொரு தடவை சொன்னார்.