சடத்துவப் பாடமும் மேலுமலை இறக்கமும்

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஓசூர்க் குளிர் வேறு. துவைத்த சேலை காயவே இல்லை.

ஐந்தாம் வகுப்புக்குச் சடத்துவம்: நிற்பது நிற்கவும் ஓடுவது ஓடவுமே பார்க்கும். வேண்டியவை: டம்ளர், போஸ்ட் கார்டு, காலணா, தீப்பெட்டி வண்டி, களிமண் பொம்மை, செங்கல். கார்டைச் சுண்டினேன், காலணா டம்ளருக்குள். ஒரே கைதட்டல். பிறகு பொம்மையை வண்டியில் உட்கார வைத்துச் செங்கல்லில் மோதவிட்டேன். வண்டி நின்றது. பொம்மை தலைகுப்புற. "பொம்மெ பித்தோயித்து!" என்று நஞ்சம்மா கன்னடத்தில் கத்த, வகுப்பே சிரிப்பு.

சந்திரா மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், வண்டி நிக்கவே இல்லன்னா பொம்மைக்கு ஒண்ணும் ஆவாதா?"

எப்போதாவது நின்றுதானே ஆக வேண்டும் என்றேன். பஸ் டிரைவர் பெண்டாட்டி சொல்கிற பேச்சா இது? வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

10, செவ்வாய்

பயந்தது சரிதான். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற கிருஷ்ணகிரி பஸ்ஸில் பிரேக் சரியில்லை. நாலைந்து தரம் மிதித்தால்தான் பிடிக்கிறதாம். மேலுமலை இறக்கத்தில் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டையும் கையுமாகக் கிளீனர் படியில் தொங்கி வருகிறானாம். இதை ஏதோ சர்க்கஸ் மாதிரி சொல்லிச் சிரிக்கிறார். பஸ் முதலாளியைக் கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமை சந்தை முடியட்டும்பா, பாத்துக்கலாம்." போன சந்தைக்கும் இதே பேச்சு. பாவி மனுஷன்.

ரசத்தில் இரண்டு தரம் உப்பு.

11, புதன்

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். வெள்ளியன்று ஐந்தாம் வகுப்பு முழுக்கக் கிருஷ்ணகிரியில் அணை கட்டுமிடம் பார்க்கப் போகிறது. "உங்க வீட்டுக்காரர் வண்டிலதாம்மா. சந்தைக் கூட்டத்தோட ஏத்திக்கிறேன்னு முதலாளி ஒத்துக்கிட்டாரு."

பிரேக் விஷயத்தைச் சொன்னேன். "டிரைவர் சம்சாரமே இப்படிப் பேசினா எப்படி?"

12, வியாழன்

பொய் சொன்னேன். வகுப்பில் ஒருத்திக்கு அம்மை என்று தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் காதில் போட்டேன். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. வெட்கமில்லை.

13, வெள்ளி

மழை பலத்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு காலி. ஹெட்மாஸ்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும், பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.

காலையில் இவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "அம்மைன்னு கெளப்பி உட்டது நீதானே? எனக்குத் தெரியும்டி. சரி, என்னை என்னா சொல்லி நிறுத்துவே?" என்றார்.

சோற்றுத் தூக்கைக் கையில் கொடுத்தேன். பஸ் சந்தைக் கூட்டத்தோடு போயிற்று.

விளக்கு வைத்தாயிற்று. இன்னும் வரவில்லை. ரோட்டில் சகதி, தாமதமாகும்தான்.

வாசலில் யாரோ. ஜன்னல் வழியே பார்த்தேன். முதலாளி. இத்தனை வருடத்தில் எங்கள் வாசலை மிதித்தவரில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு மழையிலேயே நிற்கிறார். கதவைத் தட்டவில்லை.

இன்னும் தட்டவில்லை. தட்டுகிற வரைக்கும் எழுதிக்கொண்டே இருப்பேன்.