பாதியில் இறக்கிய ஊசிச்சட்டி

புரட்டாசி 12, திங்கள்

வெயில் சுள்ளென்று. காலையில் அடுப்புத் திரி மாற்றினேன். திரி சாத்தூர்ச் சந்தையில் வாங்கியது. அங்கே ஒருவன் ஆட்டை விற்றுவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அது வேறு கதை.

ஆஸ்பத்திரியில் கிருமி சாக ஊசி வேகவைப்பது என் வேலை. எனக்கு மணி பார்க்கத் தெரியாது. அதனால் டாக்டர் செய்த ஏற்பாடு: தண்ணீர் கொதித்ததும் காத்திருக்கிற சனத்துக்கு ஒரு கதை தொடங்க வேண்டும். கதை முடிந்தால்தான் சட்டியை இறக்கலாம். ஒரு சட்டி ஊசி ஒரு ஈடு, ஈட்டுக்கு ஒரு கதை.

முதல் ஈடு ஒழுங்கு. இரண்டாம் ஈட்டில் வாசலில் கம்பெனி லாரி ஆரன். தீபாவளி சீசன், லாரியை விட்டால் அன்றைக்கு வேலை இல்லை. விஸ்வநத்தத்துத் தீப்பெட்டிக்காரி மாரியம்மா, "அண்ணே, கதையில ராசா மக கல்யாணத்தை நாளைக்கு வச்சுக்கிடுவோம். ஊசியை எடுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும். கதை பாதியில். சட்டியை இறக்கிவிட்டேன். உள்ளே டாக்டருக்குத் தெரியாது. அந்த ஈட்டு ஊசியை மாரியம்மாவோடு சேர்த்து விஸ்வநத்தத்துக்காரர் ஒன்பது பேருக்குப் போட்டார்.

புரட்டாசி 17, சனி

மூட்டம். மழை இல்லை.

மாரியம்மா நொண்டிக்கொண்டு வந்தாள். ஊசி போட்ட இடுப்பு முதலில் கல்லு மாதிரி இருந்து, பிறகு வீங்கிச் சீழ். டாக்டர் கீறி எடுத்தார், கிண்ணம் பிடித்தது நான். உட்கார முடியாமல் மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லையாம். பச்சிலை வைத்துக் கட்டினாயா என்று டாக்டர் அதட்டினார். தலையாட்டினாள். நன்றாகத் திட்டு வாங்கினாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஒண்ணும் வைக்கலண்ணே. இல்லைன்னு சொன்னா இன்னும் வைவாகன்னு ஆமான்னுட்டேன்."

சட்டியைப் பாதியில் இறக்கியதைச் சொல்லாமல் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

வாங்க வேண்டியது: பஞ்சு, டிங்சர், மண்ணெண்ணெய்.

18, ஞாயிறு

வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்தாலும் உட்கார முடியாதவள் ஞாபகம்.

19, திங்கள்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அந்த ஈட்டுல இன்னும் எட்டுப் பேரு இருக்காகளே கருப்பையா, போய்ப் பாத்தியா?" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

கட்டு மாற்ற வந்த மாரியம்மாவிடமும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே, "நாந்தானேண்ணே எடுக்கச் சொன்னேன்."

"நீ சொன்னா என்ன? சட்டி என் கையிலல்ல இருந்துச்சு" என்றேன்.

சாயங்காலம் விஸ்வநத்தத்துக்கு நடந்தே போனேன். ஐந்து வீட்டில் ஒன்றுமில்லை. ஆறாவது வீட்டுப் பெரியவர் கட்டிலை இழுத்துப் போட்டு மோர் கொடுத்தார். "உங்க ஊசியில ஒரே நாள்ல காய்ச்சல் விட்டுருச்சுய்யா. நல்லா இருக்கணும் நீங்க."

மோரைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைக் காட்டச் சொன்னேன்.

"லேசாக் கல்லு மாதிரி இருக்கு. அது தன்னால போயிரும்" என்று சிரித்துக்கொண்டே வேட்டியைத் தளர்த்தினார்.