இந்தக் குளிர்காலத் தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தம்பியும் நலம். உன் அப்பாவையும் இந்த வரியில் சேர்த்து எழுதத்தான் கை வரவில்லை.

போன வாரம் போனில் பேசும்போது, குளிர்காலத்தில் படகு போகாததால் அந்தப் பருவத்துக் கடல்தண்ணீர் மட்டும் உன்னிடம் இல்லை, ஆராய்ச்சி அரைகுறையாக நிற்கிறது என்று அலுத்துக்கொண்டாய். வெறும் அலுப்புதான், எனக்குத் தெரியும். உன் அப்பா ஆய்வுப் படகில் காலமெல்லாம் மெக்கானிக்காக இருந்தவர் ஆயிற்றே, கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். படகோட்டியிடம் பேசி, வருகிற வியாழக்கிழமை கடலுக்குப் போக ஏற்பாடும் செய்துவிட்டார். ஃப்ரிட்ஜில், கடல்தண்ணீரை வடிகட்டி எடுக்கிற உன் வடிதாள்களுக்கு இடம் ஒதுக்கியாயிற்று, என் பட்டாணி பக்கத்து வீட்டில் அகதியாக இருக்கிறது. அவர் நெஞ்சில் ஆபரேஷன் செய்து தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பு மாறவில்லை, வாளிகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் கத்தினால், உனக்கு என்னடி தெரியும், காத்து அடிச்சுக் கலக்கினாத்தான் அடியில இருக்கிற சத்து மேல வரும், அப்பத்தான் பாக்டீரியாக் கூட்டமே மாறும் என்று எனக்குப் பாடம் எடுக்கிறார். காற்று கலக்குகிற கடலில் படகு மட்டும் ஆடாமலா நிற்கும்? முந்தாநாள் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனால், கடல்தண்ணீர் பிடிக்க நீ வைத்திருந்து விட்டுப்போன பெரிய குப்பியைக் கயிற்றில் கட்டிக் கீழே தொட்டியில் இறக்கி இழுத்துக்கொண்டிருக்கிறார், பழகிப் பார்க்கிறாராம். பாதியில் முகம் வெளுத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். கயிற்றை மட்டும் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். வெறும் குழாய்த் தண்ணீர், அதைக்கூட உனக்காகச் சிந்தவிடவில்லையடி. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே என்றார். அதனால்தான் எழுதுகிறேன். போனில் என்றால் அவர் பக்கத்திலேயே நிற்பார், நானும் அழுதுவிடுவேன். தபால் வியாழனுக்குள் வராது என்று உன் தம்பி இதைப் படம் பிடித்து அனுப்புகிறான்.

போன விடுமுறையில் சாப்பிடும்போது நீதானே சொன்னாய், அந்த நீலக் கடல் சத்தில்லாத பட்டினிக் கடல், வெயில் காலத்தில் மேலே சூடான தண்ணீர் மூடி போட்ட மாதிரி நிற்கும், அரைவயிற்றோடு வாழத் தெரிந்த கூட்டம்தான் அப்போது தாக்குப்பிடிக்கும், குளிர் வந்தால் வேறு கூட்டம் பெருகும், அடுத்த வருஷம் அதே பருவத்தில் பெரும்பாலும் அதேதான் திரும்பி வரும் என்று. அதை அவருக்கு ஞாபகப்படுத்து. இந்த வருஷத் தண்ணி வேண்டாம்ப்பா என்று உன் வாயால் ஒரு வார்த்தை சொல். உன் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகும், தெரிந்துதான் கேட்கிறேன், கோபம் வந்தால் என்னைத் திட்டிக்கொள். அந்தக் கூட்டம் அடுத்த குளிருக்கும் வரும். இவரை நான் எந்தப் பருவத்தில் போய்த் தேடுவேன்?

எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. குளிரில் காதை மூடிக்கொள். புதன்கிழமைக்குள் அப்பாவிடம் பேசு. அவர் உடம்பைப் பற்றிப் பேச்செடுக்காதே, வீம்பு வந்துவிடும். தண்ணீரைப் பற்றியே பேசு.

உன் அம்மா