மாலையைக் கழற்றுவதற்குள் அப்பாவைக் கூப்பிடு

அன்பு மகன் முத்தமிழுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை பூங்குழலியும் ஆடுகளும் சௌக்கியம். உங்கப்பாவின் சௌக்கியத்தைப் பழனிக்குப் போகும் சாலையில் எதிர்ப்படுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும், நேற்று விடிகாலை பாதயாத்திரை கிளம்பிவிட்டார். அந்தப் பனிக்குள் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க ஐயனாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் உங்கப்பா பிடுங்கிக்கொண்டு, அங்கே குளிரா, சோறு நன்றாக இருக்கிறதா என்று செந்துறை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறார், என் கைக்கு வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. இப்போது அந்தப் போனும் அவரோடு நடந்து போகிறது. இதைப் பூங்குழலி தலைமையாசிரியை சுமதி டீச்சரின் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் நடுவில் எதையாவது கிறுக்கிச் சேர்த்திருந்தால் அது நான் எழுதியதல்ல.

விஷயம் உங்கப்பாவைப் பற்றியதுதான். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஆனதிலிருந்து அவர் கால் தரையில் படுவதில்லை, மாலை போட்டு வெறுங்காலோடு நடந்தும் படுவதில்லை. குடியரசு தினத்தன்று பச்சை வேட்டியும் தாடியுமாகப் போய் மேடையில் உட்கார்ந்திருந்தார். கொடி ஏற்றித் தேசிய கீதம் பாடியதை நம்ம இளையபெருமாள் வீடியோ எடுத்து ஊர் குரூப்பில் போட்டுவிட்டான். அதில் முன்வரிசையில் நம் பூங்குழலிக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை பாடவும் இல்லை, கொடிக்கு சல்யூட் அடிக்கவும் இல்லை. அவள் பெயர் ஜெமிமா, மோட்டார் காயில் கட்டுகிற அறிவழகனின் மகள், பூங்குழலியோடு பத்தாவது படிக்கிறாள். அவர்கள் யெகோவா சாட்சிக்காரர்கள். கடவுளைத் தவிர எதற்கும் வணக்கம் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். பிறந்தநாள்கூடக் கொண்டாட மாட்டார்கள். வகுப்பில் பிறந்தநாள் மிட்டாய் கொடுத்தால் அவள் பங்கும் சேர்த்து பூங்குழலி வாய்க்குத்தான் போகும், அந்த மதத்தின் மேல் உன் தங்கைக்குக் கொள்ளை மரியாதை. அந்தப் பிள்ளை ஆறாவதிலிருந்து அப்படித்தான் கையைக் கட்டாமல் விறைப்பாக எழுந்து நின்றிருக்கிறாள், யார் கண்ணிலும் படவில்லை. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பதும் அதே வீடியோவில் இருக்கிறது, அதைப் பார்க்க ஆளில்லை.

உங்கப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு அவசரக் கூட்டம் கூட்டச் சொன்னார். பாடாத பிள்ளைக்கு டிசி கொடுத்து அனுப்ப வேண்டுமாம். எழுந்து மரியாதையாக நின்றால் போதும், பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று சுமதி டீச்சர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். யார் கேட்டது? உங்கப்பா எழுந்து, "என் புள்ள எல்லையில பனியில நிக்கிறான், இங்க ஒரு புள்ளைக்கு வாயத் தொறக்க வலிக்குதா" என்று கேட்டார். கூட்டம் கை தட்டியது. அந்தப் பிள்ளை அப்பன் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நான் கொடிய அவமதிக்கலங்க தாத்தா. எந்திரிச்சுதான் நின்னேன். எங்க வூட்டு வழக்கம் அப்படிங்க" என்றாள். உங்கப்பாவுக்குத் தாத்தா என்றதுதான் இன்னும் சுருக்கென்று பட்டது என்று நினைக்கிறேன், தாடியில் நரை அப்படித் தெரிகிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. நானும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறவள்தானே, எழுந்துவிட்டேன். "ரூலுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே. மாலை போட்ட பசங்க அத்தன பேரும் நாளையிலேருந்து யூனிஃபார்மும் ஷூவும் போட்டுட்டு வரட்டும். மொத ஆளா தலைவர் செருப்பு மாட்டட்டும்" என்றேன். அவ்வளவுதான், கை தட்டிய தாய்மார்களே அது எப்படி, சாமி காரியமாச்சே என்று என் மேல் பாய்ந்தார்கள். நான் விடவில்லை. நீ பத்தாவதில் அப்பாவோடு மாலை போட்டுக்கொண்டு குடியரசு தின அணிவகுப்பில் பச்சை வேட்டியோடு வெறுங்காலில் வந்தாயே, பி.டி. சார் உன்னை, சாமி நீ கடைசி வரிசையில வா என்று சொன்னாரே தவிர நாட்டுப்பற்று இருக்கிறதா என்று கேட்டாரா? அதைத்தான் கேட்டேன். கூட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது. உங்கப்பா மட்டும் சிரிக்காமல், "இவ பேச்ச வுடுங்க. பட்டாளத்துல இருக்கிறவன் அவன். அவன் சொல்லட்டும், நான் வுட்டுடுறேன்" என்று முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

இதோடு போயிருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அந்த வாரமே நம் போர்வெல் மோட்டார் புகைந்துவிட்டது. உங்கப்பா ரோஷத்தில் ஜெயங்கொண்டத்திலிருந்து ஆள் கூட்டி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினார், மிளகாய்ச் செடி வாடுகிறது, நான்தான் அறிவழகனுக்குச் சொல்லி அனுப்பினேன். மனுஷன் முகம் சுளிக்காமல் வந்து கட்டிக் கொடுத்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டேன் என்கிறார். பப்ளிக் பரீட்சை பக்கத்தில் வந்துவிட்டதே என்றேன். டீச்சரும் வந்து கூப்பிட்டுப் பார்த்தாராம். "வம்பு வேணாங்கக்கா. நாங்க இந்த ஊர்ல பொழைக்கணும். தலைவரு வாயால வரச் சொன்னா அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பூங்குழலிக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததே அந்தப் பிள்ளைதான். இப்போது பக்கத்து இடம் காலியாக இருக்கிறது என்று இவள் சாப்பாட்டில் கை வைக்க மாட்டேன் என்கிறாள்.

நேற்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே போனேன். பிள்ளையின் அம்மா கலையரசி என்னை உட்கார வைத்து, தம்பி எப்படிக்கா இருக்கு, அந்தப் பக்கம் பனி சரிந்தது என்று செய்தியில் சொன்னார்களே என்று முதலில் உன்னைத்தான் விசாரித்தாள். நீ பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்து ராத்திரி ஜெபத்தில் ஜெமிமா உன் பெயரைச் சொல்லி, பூங்குழலியோட அண்ணன் நல்லபடியாக வீடு வரணும் என்று கேட்டுக்கொள்கிறாளாம். கூட்டம் நடந்த அன்றைக்கு ராத்திரியும் கேட்டாளாம். அவள் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இதை நான் சொன்னால் கட்சி கட்டிக்கொண்டு பேசுகிறேன் என்பார் உங்கப்பா. நீதான் சொல்ல வேண்டும். அவர் விரதத்தில் இருக்கும்போதே கூப்பிட்டுச் சொல், மாலை போட்டிருக்கும் வரைக்கும் கோபப்படவும் கூடாது, யாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். தைப்பூசம் முடிந்து கழற்றிவிட்டால் பழைய கண்ணையன்தான் வீட்டுக்கு வருவார். அவர் வந்து இறங்கியதும் நேராக அறிவழகன் வீட்டு வாசலுக்குப் போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. பரீட்சைக்கு அவள் போகாவிட்டால் உங்கப்பா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

நீ கம்பளிச் சட்டையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு. குலசாமி உன் பக்கத்திலேயே நிற்கட்டும், ஆயுசோடும் நல்ல பெயரோடும் இரு. மறந்துவிடாதே, தைப்பூசத்துக்குள் கூப்பிட வேண்டும். நம் சாமியும் அவர்கள் சாமியும் உன்னைப் பார்த்துக்கொள்கிற நேரத்தில், நீ அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மலர்கொடி